மின்சாரம் படித்தவர் நாட்டை ஆண்ட கதை

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். படிவம் ஐந்து மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருக்குக் கணிதமும் நன்றாக வருமாம், அரசியலிலும் ஆர்வமாம். பொறியியல் எடுத்தால் வாழ்நாள் முழுவதும் இயந்திரத்தோடுதான் கிடக்க வேண்டுமா சார், பொதுவாழ்வுக்கு வர வேண்டுமென்றால் சட்டம்தான் படிக்க வேண்டுமா என்றார். மேடையில் நின்றுகொண்டு ஏதோ பொதுவாக ஒரு பதில் சொல்லி அமர்ந்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான், அவருக்குத் துர்குத் ஓசாலைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அன்று விட்டதை இன்று எழுதுகிறேன்.

ஓசால் என்ற பெயரை நான் முதன்முதலில் படித்தது 1993ஆம் ஆண்டு ஏப்ரலில். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் முதலாம் ஆண்டு. துருக்கி அதிபர் மாரடைப்பால் காலமானார் என்ற செய்தி நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. துருக்கியைப் பற்றி எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. ஆனால் இறந்தவர் ஒரு மின்பொறியாளர் என்று அதில் இருந்த ஒரு வரி என்னை நிறுத்தியது. நான் படிக்கும் பாடத்தைப் படித்த ஒருவர் ஒரு நாட்டுக்கே அதிபரா என்ற வியப்பு. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். வியப்பு குறையவில்லை. ஆனால் அவரைப் பற்றிய என் கருத்து இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது.

துருக்கியின் கிழக்குப் பகுதியில் மலாத்யா என்ற ஊர் உண்டு. 1927 அக்டோபர் 13ஆம் நாள் ஓசால் அங்கே பிறந்தார். தந்தை வங்கி ஊழியர், தாயார் ஹஃபிஸே தொடக்கப்பள்ளி ஆசிரியை. அந்தக் காலத்தில் துருக்கியின் சிற்றூர்களில் ஒரு பெண் ஆசிரியையாக வேலை பார்ப்பது எளிதான காரியம் அல்ல. பெற்றோருக்கு வேலை மாற்றம் வரும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. பிள்ளையின் படிப்பு சோயுத், மார்தின், கைசேரி என்று ஊர் ஊராகத் தொடர்ந்தது. பெரிய பணக்காரர்களோ அரசியல் குடும்பமோ இல்லை. பின்னாளில் தம் குடும்பத்தில் குர்து இன இரத்தமும் உண்டு என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்வதற்கே துணிச்சல் வேண்டிய நாடு அது. அந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன்.

இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1950இல் பட்டம் பெற்றார். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 1948இல் இயந்திரப் பொறியியல் முடித்தவர் நெச்மெத்தின் எர்பகான். 1949இல் கட்டடப் பொறியியல் முடித்தவர் சுலைமான் டெமிரல். அடுத்த ஆண்டு ஓசால். மூன்று ஆண்டுகளில் ஒரே வளாகத்தை விட்டு வெளியே வந்த இந்த மூவருமே பிற்காலத்தில் துருக்கியின் பிரதமர் ஆனார்கள். டெமிரலும் ஓசாலும் அதிபர்களாகவும் ஆனார்கள். எர்பகான் பிரதமராக இருந்தபோது 1997இல் எட்டு நாடுகளோடு தொடங்கிய டி-8 என்ற கூட்டமைப்பில் மலேசியாவும் உறுப்பினர் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது.

அப்போதைய துருக்கி விவசாய நாடு. பெரும்பாலான கிராமங்களில் மின்விளக்கு இல்லை. ஆறுகளில் அணை கட்டி மின்சாரம் எடுத்தால்தான் தொழிற்சாலை வரும் என்று அரசு நம்பியது. ஓசாலும் மின்வள ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1952இல் அமெரிக்கா சென்று பொறியியல் பொருளாதாரம் படித்தார். ஒரு திட்டத்தைக் கட்ட முடியுமா என்பதோடு நிற்காமல், கட்டினால் போட்ட பணம் திரும்புமா, எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கணக்குப் பார்க்கும் படிப்பு அது. என் கருத்தில் அவர் வாழ்க்கையின் திருப்பம் இங்கேதான் நடந்தது. திரும்பி வந்து அணைத் திட்டங்களிலும் நாட்டின் மின்கட்டமைப்பிலும் வேலை செய்தார். 1960இல் அரசுத் திட்டமிடல் அமைப்பு உருவானபோது, இராணுவ சேவையில் இருந்தபடியே அதன் தொடக்கப் பணிகளில் பங்கெடுத்தார். அங்காராவில் உள்ள மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக வகுப்பும் எடுத்தார்.

டெமிரல் 1965இல் பிரதமரானார். பல்கலைக்கழகத்தில் தமக்கு ஓராண்டு பின்னால் பட்டம் பெற்ற ஓசாலை ஆலோசகராக வைத்துக்கொண்டு, 1967இல் திட்டமிடல் அமைப்புக்கே தலைவராக்கினார். 1971இல் இராணுவம் அறிக்கை விட்டு டெமிரலைப் பதவியிலிருந்து இறக்கியதும் ஓசால் வாஷிங்டனில் உலக வங்கிக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து தனியார் துறையில் சேர்ந்தார். உலோகத் தொழில் முதலாளிகள் சங்கத்துக்குத் தலைமையும் தாங்கினார். 1977இல் எர்பகானின் கட்சி சார்பில் இஸ்மீரில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். தோற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று அவரைப் பார்த்த யாரும் இவர் பிரதமராவார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் முடிவில் துருக்கி நிலைகுலைந்திருந்தது. எண்ணெய் விலை ஏறியிருந்தது. அதை வாங்க டாலர் இல்லை. குளிர்காலத்தில் வீட்டுக்கு எரிபொருள் இல்லை. சமையல் எண்ணெய்க்கும் பல்புக்கும் வரிசை. காப்பி குடித்துப் பழகிய நாட்டில் காப்பித்தூள் கிடைக்கவில்லை. தெருவில் இடதுசாரி, வலதுசாரி இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இறந்தவர்களில் பலர் உங்கள் வயது மாணவர்கள். 1979 இறுதியில் மீண்டும் பிரதமரான டெமிரல் ஓசாலைக் கூப்பிட்டுப் பிரதமர் துறையின் தலைமை அதிகாரியாக்கினார். சில வாரங்களில் ஓசால் ஒரு திட்டத்தோடு வந்தார். 1980 ஜனவரி 24ஆம் நாள் அது அறிவிக்கப்பட்டது. துருக்கியில் இன்றும் ஜனவரி 24 முடிவுகள் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு டாலருக்கு 47 லிரா என்றிருந்த மதிப்பு ஒரே நாளில் 70 லிரா ஆனது. அதாவது வெளிநாட்டிலிருந்து வாங்குவது விலை ஏறியது. வெளிநாட்டுக்கு விற்பது இலாபமானது. அரசு தொழிற்சாலைகள் செய்யும் பொருள்களுக்கு அதுவரை செயற்கையாகத் தாழ்த்தி வைத்திருந்த விலை உயர்த்தப்பட்டது. விலைக் கட்டுப்பாடுகள் போயின. ஏற்றுமதி செய்பவருக்குச் சலுகைகள் வந்தன. ஜூலையில் வங்கி வட்டி விகிதத்தின் மேல் இருந்த கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. அதுவரை துருக்கி, தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொண்டு கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு. கதவைத் திறந்துவிட்டவர் ஓசால்.

அடுத்து நடந்ததைத்தான் பாராட்டுரைகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. 1980 செப்டம்பர் 12ஆம் நாள் தளபதி கெனான் எவ்ரென் தலைமையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. டெமிரல் உட்பட கட்சித் தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், சித்திரவதை நடந்தது. தம்மை வேலைக்கு அழைத்த பிரதமர் காவலில் இருக்கும்போது, ஓசால் இராணுவ அரசில் பொருளாதாரத்துக்குப் பொறுப்பான துணைப் பிரதமரானார். வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று முடக்கப்பட்டது. விலை ஏறும்போது சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை. தொழிலாளி வாய் திறக்க முடியாது. ஜனவரி 24 திட்டம் வேலை செய்ததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்று பல பொருளாதார அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நல்ல திட்டமாகவே இருக்கட்டும். அதை நிறைவேற்ற இப்படி ஒரு சூழ்நிலை தேவைப்பட்டதா? துணைப் பிரதமர் பதவியை ஓசால் மறுத்திருந்தால் வேறு யாராவது வந்து இதைவிட மோசமாகச் செய்திருப்பார்கள் என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி வாதாடியவன்தான்.

என் எண்ணம் மாறியதற்கு என் சொந்த வேலையில் நடந்த ஒன்று காரணம். படித்து முடித்த புதிதில் நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஒரு மோட்டாரின் பாதுகாப்பு ரிலே அடிக்கடி விழுந்து உற்பத்தி நின்றுகொண்டே இருந்தது. மேலே இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். ரிலேயைத் தாண்டி நேரடியாக இணைப்புக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் மோட்டார் எரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை, அது என் நல்ல காலம்.

1982இல் ஓசாலுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். வட்டி விகிதத்தைத் திறந்துவிட்டதும் வங்கிகளோடு போட்டி போட்டுக்கொண்டு பங்கர் என்று அழைக்கப்பட்ட தனியார் தரகர்கள் கிளம்பினார்கள். மிக உயர்ந்த வட்டி தருகிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். பணவீக்கத்தில் சேமிப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வூதியக்காரர்களும் சிறுவியாபாரிகளும் வீடு, நகை விற்றுக்கூடப் பணத்தைக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். பழையவருக்குத் தரும் வட்டி, புதிதாக வருபவரின் பணத்திலிருந்து வந்தது. கண்காணிக்கச் சரியான சட்டமோ அமைப்போ இல்லை. இப்படிப்பட்ட திட்டங்களை நம் ஊரிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள், முடிவும் ஒன்றுதான். அந்தக் கோடையில், எல்லாரிலும் பெரிய தரகரான கஸ்தெல்லி நாட்டை விட்டு ஓடினார். பெருந்தொகையான மக்கள் சேமிப்பை இழந்தார்கள். ஜூலையில் ஓசால் பதவி விலகினார்.

அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1983இல் இராணுவம் தேர்தலுக்கு அனுமதி கொடுத்தது. பழைய தலைவர்களுக்கெல்லாம் தடை. யார் போட்டியிடலாம் என்பதைத் தளபதிகளே வடிகட்டினார்கள். ஓசால் மே மாதம் தாயகக் கட்சியைத் தொடங்கினார். இறுதியில் மூன்றே கட்சிகள் களத்தில் நின்றன. அதில் ஒன்று ஓய்வுபெற்ற தளபதி ஒருவரின் கட்சி; இராணுவத்தின் விருப்பம் அதுதான். வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு எவ்ரென் தொலைக்காட்சியில் தோன்றி, பெயர் சொல்லாமல், ஓசாலுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று மக்களுக்கு உணர்த்தினார். மக்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். நவம்பர் 6ஆம் நாள் ஓசால் 45 விழுக்காட்டு வாக்குகளும் 400இல் 211 இடங்களும் பெற்றார். தளபதியின் கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது.

அந்தத் தேர்தலின் தொலைக்காட்சி விவாதம் துருக்கியில் இன்றும் பேசப்படுகிறது. இஸ்தான்புல்லின் ஐரோப்பியக் கரையையும் ஆசியக் கரையையும் இணைக்கும் பாஸ்பரஸ் பாலத்தின் சுங்கக் கட்டண வருமானத்தில் மக்களுக்குப் பங்கு விற்கப் போகிறேன் என்றார் ஓசால். பாலத்தை விற்கவிடமாட்டேன் என்று எதிராளி கொதித்தார். ஓசால் விற்கச் சொன்னது பாலத்தை அல்ல, வருமானப் பத்திரத்தை. 1984 இறுதியில் அந்தப் பத்திரங்கள் விற்பனைக்கு வந்ததும் விரைவில் தீர்ந்துபோயின. அதே நீரிணையின் மேல் இரண்டாவது பாலம் 1988இல் திறக்கப்பட்டது.

பிரதமரான அந்த மாதமே அவர் செய்த ஒரு காரியம் சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைத் தொட்டது. அதற்கு முன் துருக்கியில் ஒருவர் சட்டைப்பையில் டாலர் வைத்திருந்தாலே வழக்கு வரலாம். ஜெர்மனியில் வேலை செய்த மகன் அனுப்பும் மார்க் பணத்தைக்கூட ஒளித்து வைக்க வேண்டும். வெளிநாட்டு சிகரெட் கள்ளச்சந்தையில் மட்டும். ஓசால் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். வெளிநாட்டுப் பணம் வைத்திருக்கலாம், வங்கியில் கணக்கும் திறக்கலாம் என்று ஆயிற்று. தொலைபேசிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில் டிஜிட்டல் இணைப்பகங்கள் வந்தன. எண்பதுகள் முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. மதிப்புக் கூட்டு வரி 1985இல் வந்தது. பங்குச் சந்தை இஸ்தான்புல்லில் புதிதாகத் திறக்கப்பட்டது. 1980இல் ஏறத்தாழ 290 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி, 1990இல் 1300 கோடி டாலரை ஒட்டி நின்றது. அத்திப்பழமும் புகையிலையும் விற்ற நாடு துணியும் இரும்பும் விற்றது.

ஆள் பார்ப்பதற்குக் குள்ளமாக, பருமனாக இருப்பார். சாப்பாட்டுப் பிரியர். கையில் பேனாவை வைத்து ஆட்டிக்கொண்டே தொலைக்காட்சியில் புள்ளிவிவரம் விளக்குவார். அரைக்கால் சட்டையோடு இராணுவ அணிவகுப்பைப் பார்வையிட்ட அவருடைய படம் தளபதிகளுக்குப் பெரும் எரிச்சல். தொழுகை தவறாதவர், பதவியில் இருக்கும்போதே ஹஜ் சென்ற முதல் துருக்கிப் பிரதமர். மனைவி செம்ராவோடு கைகோத்து நடப்பார். மதச்சார்பின்மையில் கண்டிப்பான நாட்டில் இவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று யாருக்கும் புரியவில்லை.

1988 ஜூன் 18ஆம் நாள், அங்காராவில் கட்சி மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் அவரைச் சுட்டான். கைவிரலில் காயம். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து பேச்சைத் தொடர்ந்தார். பின்னாளில் அதிபராக இருந்தபோது சுட்டவனை மன்னித்து விடுதலையும் செய்தார்.

இவ்வளவு பெருந்தன்மை கொண்டவர் தம் பழைய தலைவரிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. டெமிரல், எர்பகான் ஆகியோர் மீதிருந்த அரசியல் தடையை நீக்கலாமா என்று 1987 செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஓசால் நீக்கக் கூடாது என்று பிரசாரம் செய்தார். சுமார் 75 ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் தடை நீங்கியது. ஒருவர் வேலை கொடுத்தவர், மற்றவர் தேர்தலில் நிற்க இடம் கொடுத்தவர். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் கசப்பான பக்கம் இது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில், தம் கட்சிக்குச் சாதகமாகத் திருத்திய தேர்தல் விதியின் உதவியால் 36 விழுக்காட்டு வாக்குக்கு 450இல் 292 இடங்களைப் பெற்றார்.

பணவீக்கத்தை அவரால் அடக்க முடியவில்லை. 1988இல் அது 70 விழுக்காட்டைத் தாண்டியது. ஏற்றுமதிச் சலுகையைப் பெறுவதற்காக இல்லாத சரக்குக்குப் பில் போட்ட நிறுவனங்கள் பற்றிய ஊழல்கள் வெளிவந்தன. உறவினர்கள் மீதும் புகார்கள். விதிகளைச் சுற்றிப் போய் வேலையை முடிப்பது அவருடைய பழக்கம். கீழே இருந்தவர்கள் அதைத் தங்கள் வசதிக்குக் கற்றுக்கொண்டார்கள். லிராவில் சைபர்கள் கூடிக்கொண்டே போயின. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 2005இல் துருக்கி தன் நாணயத்திலிருந்து ஆறு சைபர்களை வெட்டி எறிய வேண்டியிருந்தது. அந்தப் பழி முழுவதும் இவரைச் சேராது. ஒரு பங்கு நிச்சயம் சேரும்.

1989 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தலில் அவர் கட்சி மூன்றாம் இடத்துக்குச் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில், நாடாளுமன்றத்தில் இருந்த பெரும்பான்மையைக் கொண்டு அதிபரானார். வளைகுடாப் போரின்போது ஈராக்கின் எண்ணெய்க் குழாயை மூடி அமெரிக்காவின் பக்கம் நின்றார். அவருடைய போக்குப் பிடிக்காமல் முப்படைத் தலைமைத் தளபதியே பதவி விலகினார். குர்து மொழி பற்றி நான் முன்பு விட்ட செய்தி இங்கே வருகிறது. துருக்கியில் பல லட்சம் பேரின் தாய்மொழி அது. இராணுவ ஆட்சிக் காலத்தில் 1983இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று, அந்த மொழியில் வெளியிடுவதையும் பொதுவில் பயன்படுத்துவதையும் தடுத்தது. 1991இல் ஓசால் முன்னின்று அந்தச் சட்டத்தை நீக்கச் செய்தார். தாய்மொழிப் பள்ளியில் படித்த எனக்கு, பாலத்தைவிடவும் பங்குச் சந்தையைவிடவும் இது பெரிதாகத் தெரிகிறது. பள்ளியில் குர்து கற்பிக்க இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் பாட்டுக்கும் பேச்சுக்கும் இருந்த பூட்டு கழன்றது.

மின்பொறியாளராகத் தொடங்கியவரின் கடைசிக் காலத்தில் ஓர் அணையும் வருகிறது. யூப்ரடிஸ் ஆற்றின் மேல் கட்டிய அத்தாதுர்க் அணை, 2400 மெகாவாட். 1990 ஜனவரியில் நீர்த்தேக்கத்தை நிரப்ப ஆற்றை ஒரு மாதம் தடுத்தபோது கீழே இருந்த சிரியாவும் ஈராக்கும் கடுமையாக எதிர்த்தன. சம்சாத் என்ற பழைமையான ஊர் நீருக்குள் போனது. 1992 ஜூலையில் மின்னுற்பத்தி தொடங்கியபோது அதிபர் ஓசால்; பிரதமரோ, தேர்தலில் வென்று திரும்ப வந்திருந்த டெமிரல். இந்த அணைத் திட்டம் யாருடையது என்பதில் மின்பொறியாளருக்கும் கட்டடப் பொறியாளருக்கும் சண்டை.

1987இலேயே ஹூஸ்டனில் இருதய அறுவை செய்துகொண்டவர் ஓசால். உடம்பைக் கவனிக்கவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்து புதிதாகப் பிறந்திருந்த மத்திய ஆசிய நாடுகளில் நீண்ட பயணம் செய்துவிட்டு அங்காரா திரும்பினார். இரண்டொரு நாளில், 1993 ஏப்ரல் 17ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். வயது 65. இஸ்தான்புல் இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம். நஞ்சு கொடுக்கப்பட்டதாகச் சந்தேகம் நீடித்ததால் 2012இல் உடலைத் தோண்டி எடுத்து ஆய்வு செய்தார்கள். இறப்பின் காரணத்தை உறுதியாகக் கூற முடியவில்லை என்று ஆய்வு முடிந்தது.

அவருக்குப் பின் அதிபராக நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது சுலைமான் டெமிரலை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முன்னால் பட்டம் வாங்கியவர், ஓராண்டு பின்னால் வாங்கியவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.